புதிய கார் ஏன் கத்துகிறது: வேக எச்சரிக்கையும் ஓட்டுநர் உதவியும் தொந்தரவு செய்தால் எங்கே பார்ப்பது

ஐரோப்பாவில் 2024 ஜூலை 7-க்குப் பிறகு முதல் பதிவு ஆன கார் என்றால், அது ஓட்டுநரிடம் நிறையப் பேசும். வேக எல்லையைத் தாண்டினால் பீப் அடிக்கும். சாலைக் கோட்டை மிதித்தால் ஸ்டியரிங்கை இழுக்கும். கண் சாலையை விட்டு விலகினால் அதற்கும் ஒரு சத்தம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/2144 எண் கொண்ட ஒழுங்குமுறை இவற்றைக் கட்டாயமாக்கியது. புதிதாக ஒப்புதல் பெறும் மாடல்களுக்கு 2022 ஜூலை 6 முதலே அமல். எல்லாப் புதிய கார்களுக்கும் 2024 ஜூலை 7 முதல். கவனச் சிதறலைக் கண்காணிக்கும் கருவி மட்டும் இரண்டு ஆண்டு பின்னால் வருகிறது: புதிய மாடல்களுக்கு 2024 ஜூலை, எல்லாக் கார்களுக்கும் 2026 ஜூலை.

தொந்தரவு தாங்காமல் டீலரிடம் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "செக் பண்ணியாச்சு, ஃபால்ட் ஒன்றும் இல்லை." பல நேரம் அது உண்மையும்கூட. கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, அதற்குப் போய்ச் சேரும் தகவல்தான் தப்பு. பலகையைத் தப்பாகப் படித்திருக்கும், வரைபடம் பழையதாக இருக்கும், கேமரா முன்னால் பனி படிந்திருக்கும். அதனால் எதையும் அணைப்பதற்கு முன், யாருக்கும் பணம் கட்டுவதற்கு முன், எந்தக் கருவி எதைப் பார்த்துக் கத்தியது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

எது கத்தியது?

"ஸ்பீடு லிமிட்டர்" என்ற ஒரே பெயரில் நான்கு வேறு சமாச்சாரங்களைக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது, ஓட்டுநரே ஒரு வேகத்தைக் குறித்துவைக்கும் பழைய லிமிட்டர். அதற்கு மேல் கார் போகாது, ஆனால் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தால் விட்டுவிடும். இரண்டாவது க்ரூஸ் கன்ட்ரோல். முன்னால் போகும் வண்டியைப் பார்த்து இடைவெளி விடும் வகையும் இதில் அடக்கம். மூன்றாவது, லாரியிலும் பஸ்ஸிலும் இருக்கும் நிஜமான லிமிட்டர்: கனரக லாரிக்கு 90 கி.மீ., பஸ்ஸுக்கு 100 கி.மீ. அதை ஓட்டுநர் காலால் மீற முடியாது.

நான்காவதுதான் இப்போது கார்களுக்குக் கட்டாயமாகியிருக்கும் ஐ.எஸ்.ஏ. எனப்படும் வேக உதவி. அது காரைப் பூட்டிவைக்காது. எல்லையை மீறிப் போக ஓட்டுநருக்கு இருக்கும் வசதியைத் தடுக்கக் கூடாது என்று ஒழுங்குமுறையே சொல்கிறது. எச்சரிக்க நான்கு வழிகள் உண்டு, தயாரிப்பாளர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: முதலில் திரையில் படம் மின்னி அப்புறம் சத்தம்; முதலில் படம் மின்னி அப்புறம் அதிர்வு; ஆக்ஸிலரேட்டர் காலைத் திருப்பித் தள்ளுவது; எஞ்சின் இழுவையை மெல்லக் குறைப்பது. பெரும்பாலான கார்களில் சத்தம்தான். செலவு குறைவு, எரிச்சல் அதிகம்.

சத்தம் வரும்போது திரையில் எந்தப் படம் மின்னுகிறது என்பதுதான் துப்பு. சிவப்பு வட்டத்துக்குள் எண் மின்னினால் வேக உதவி. இரண்டு கோடுகளுக்கு நடுவே கார் இருந்தால் தடம் காக்கும் கருவி. இரண்டு கார் மோதுவது போல் இருந்தால் தானியங்கி அவசர பிரேக். காபிக் கோப்பை அல்லது கண் படம் வந்தால் உங்களைக் கண்காணிக்கும் கருவி. இதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே நீங்கள் திரையை உற்றுப் பார்த்தால் அதற்கும் கார் தனியாக ஒரு பீப் அடிக்கும், குழப்பம் இரட்டிப்பாகும்.

அறிகுறி: திரையில் தவறான வேக எல்லை

நெடுஞ்சாலையில் 130 இருக்கும் இடத்தில் கார் 80 என்று அடம்பிடிக்கிறது. அல்லது 30 பலகையைத் தாண்டியும் 50 என்றே காட்டுகிறது. அதிகம் வரும் புகார் இதுதான், காரணங்களும் இங்கேதான் அதிகம்.

காருக்கு எல்லை தெரிவது இரண்டு வழியில்: முன் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா படிக்கும் பலகை, உள்ளே பதிந்திருக்கும் வரைபடம். இரண்டும் ஒத்துப்போகாதபோது எதை நம்புவது என்பது தயாரிப்பாளரின் மென்பொருளைப் பொறுத்தது. எனவே தப்பு நடந்தால் முதல் கேள்வி: ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் வருகிறதா, இல்லை அங்கங்கே வருகிறதா?

ஒரே இடத்தில், பகலிலும் இரவிலும், பலகையே இல்லாத தெருவில் வந்தால் வரைபடம்தான் காரணம். ஐரோப்பாவில் எல்லைகள் வேகமாக மாறிக்கொண்டிருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் பெரும்பாலான தெருக்கள் 2023 டிசம்பரில் 30 ஆயின. பாரிஸின் சுற்றுச்சாலை 2024 அக்டோபரில் 70-இலிருந்து 50-க்கு இறங்கியது. அயர்லாந்தின் கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளில் 2025 பிப்ரவரியில் 80 போய் 60 வந்தது. பிரான்ஸின் இரண்டாம் நிலைச் சாலைகள் இன்னும் மோசம்: 2018 ஜூலையில் 90-ஐ 80 ஆக்கினார்கள், அப்புறம் மாவட்டங்கள் விரும்பினால் 90-க்குத் திரும்பலாம் என்றார்கள். பக்கத்துப் பக்கத்து மாவட்டத்தில் ஒரே மாதிரிச் சாலைக்கு வேறு வேறு எல்லை. பழைய வரைபடம் இதையெல்லாம் எப்படிச் சொல்லும்? காரின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய் வரைபடத்தின் பதிப்புத் தேதியைப் பாருங்கள். புதுப்பிப்பு வந்திருந்தால் போடுங்கள். காரின் இணைய இணைப்பைத் தனியுரிமைக்காக நிறுத்தி வைத்திருந்தால், சில கார்களில் வரைபடப் புதுப்பிப்பும் அதோடு நின்றுபோகும். இது பலருக்குத் தெரிவதில்லை.

அங்கங்கே வந்தால் கேமரா. அது என்னென்ன பார்த்து ஏமாறும் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். லாரிகளின் பின்னால் ஒட்டியிருக்கும் 80, 90 வட்டங்களை, ஜெர்மனியில் பஸ் பின்னால் இருக்கும் 100 ஸ்டிக்கரை, சாலைப் பலகை என்று எடுத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் கிளைச் சாலையின் 60 பலகையை, நேராகப் போகும் உங்களுக்கானது என்று நினைக்கும். பலகைக்குக் கீழே உள்ள துணைப் பலகையைக் கோட்டைவிடும்: ஜெர்மனியில் "ஈரமாக இருந்தால் மட்டும்", "இரவு 22 முதல் 6 மணி வரை", "லாரிகளுக்கு மட்டும்" என்று எழுதியிருக்கும், கார் எண்ணை மட்டும் படிக்கும். நெதர்லாந்தின் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் காலை 6 முதல் மாலை 7 வரை 100, அதற்குப் பிறகுதான் கூடுதல் வேகம். இங்கே கடிகாரமும் கேமராவும் ஒத்துப்போக வேண்டும்.

எண்ணே இல்லாத பலகை இன்னொரு பொறி. ஜெர்மனியில் ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகை வந்தாலே 50 தான்; பிரான்ஸில் சிவப்பு ஓரம் போட்ட ஊர்ப் பலகையும் அப்படியே. ஊர் முடிந்ததும் குறுக்குக் கோடு போட்ட பலகை. அதைக் கேமரா தவறவிட்டால் அடுத்த பலகை வரும்வரை வயல்வெளியில் 50 என்று கத்திக்கொண்டே வரும். அயர்லாந்துக் குடியரசிலிருந்து வடக்கு அயர்லாந்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் கிலோமீட்டர், அந்தப் பக்கம் மைல். பலகையில் 60 என்றே இருக்கும், அர்த்தம் வேறு. அலகு தானாக மாறாத காரில் கையால் மாற்றிவிடுங்கள்.

கருவிக்கு நூற்றுக்கு நூறு சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒப்புதலுக்கான சாலைச் சோதனையில் மொத்தத் தூரத்தில் 90 சதவீதம் எல்லையைச் சரியாகச் சொன்னால் போதும். மீதி 10 சதவீதம் உங்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் விழுந்தால் தினமும் அதே இடத்தில் கத்தும், அவ்வளவுதான். கார் 70 என்று காட்டியது, அதனால் 70-இல் போனேன் என்று சொன்னாலும் அபராதம் உங்கள் பெயருக்குத்தான் வரும். சந்தேகம் வந்தால் பலகையை நம்புங்கள்.

அறிகுறி: எல்லைக்குள் போகிறேன், ஆனாலும் பீப்

கைபேசி நேவிகேஷன் 48 காட்டுகிறது, கார் 51 காட்டுகிறது, 50 எல்லையில் கத்துகிறது. இது பிழையே இல்லை. ஐ.நா. 39-ஆம் விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்துக்குக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாக 10 சதவீதமும் அதன் மேல் 4 கி.மீ.யும் வரை காட்டலாம். அதாவது உண்மையில் 50 போகும்போது 59 வரை காட்டினாலும் விதிக்கு உட்பட்டதே. தயாரிப்பாளர்கள் இதனால் எப்போதும் கொஞ்சம் கூட்டியே காட்டுவார்கள்.

பார்க்க வேண்டியது டயர் மட்டும். பரிந்துரைத்த அளவை விட்டு வேறு அளவு போட்டிருந்தால் இந்த வித்தியாசம் கூடும் அல்லது குறையும். மற்றபடி, சில கார்களில் எச்சரிக்கையின் ஒலியளவைக் குறைக்க முடிகிறது. அமைப்புகளில் தேடிப் பாருங்கள்.

அறிகுறி: அணைத்தேன், மறுநாள் திரும்ப வந்துவிட்டது

வரத்தான் செய்யும். வேக உதவியை ஓட்டுநர் அணைக்கலாம், ஆனால் காரை ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அது இயங்கும் நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று ஒழுங்குமுறையில் எழுதியிருக்கிறது. கார் மறக்கவில்லை, மென்பொருளும் கெடவில்லை.

இதற்கு நியாயமான தீர்வு குறுக்குவழிதான். ரெனோ, டேசியா கார்களில் ஒருமுறை உங்களுக்குப் பிடித்த அமைப்பைச் சேமித்து வைத்தால், பிறகு ஒரே பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் போதும். ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் ஸ்டியரிங்கில் உள்ள மியூட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வேகச் சத்தம் அடங்கும். மற்ற தயாரிப்பாளர்களும் ஏதாவது ஒரு சுருக்கம் வைத்திருக்கிறார்கள். கையேட்டில் வேக எச்சரிக்கைப் பகுதியைப் படித்தால் கிடைக்கும். திரையில் நாலு பக்கம் உள்ளே போய்த்தான் அணைக்க வேண்டும் என்றால் முதலில் மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

நிரந்தரமாக "கோடிங்" செய்து அணைத்துத் தருகிறோம் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. வேண்டாம். ஒப்புதல் பெற்ற பாதுகாப்புக் கருவியை மாற்றிய கார், விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்தோடு வாதாட நல்ல இடம் இல்லை.

அறிகுறி: கார் தானாக வேகம் குறைகிறது

நெடுஞ்சாலையில் 120-இல் க்ரூஸ் போட்டுப் போகும்போது திடீரென 80-க்கு இறங்குகிறது. பின்னால் வருபவர் ஹார்ன் அடிக்கிறார். இது வேக உதவியின் வேலையாக இருப்பது அரிது. பலகை படித்து அதன்படி வேகத்தை மாற்றும் க்ரூஸ் வசதியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கிளைச் சாலைப் பலகையைப் படித்துவிட்டு, கேட்காமலேயே செயல்படுத்திவிடும். அமைப்புகளில் "தானாக மாற்று" என்பதை "கேட்டு மாற்று" என்று வையுங்கள். எண் வரும், நீங்கள் பொத்தானை அழுத்தினால்தான் வேகம் மாறும். வளைவு, வட்டச் சந்திப்பு பார்த்துக் குறைக்கும் வசதியும் தனியாக இருக்கும், அதையும் பாருங்கள்.

ஆக்ஸிலரேட்டர் பாதத்தை எதிர்த்துத் தள்ளினால் அது வேக உதவியின் மூன்றாம் வகை. கொஞ்சம் அழுத்தி மிதித்தால் வழிவிடும். மிதித்தும் வழிவிடாவிட்டால் நீங்களே குறித்த லிமிட்டர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கிறது

சாலை வேலை நடக்கும் இடத்தில் இது நிச்சயம் வரும். ஜெர்மனியில் தற்காலிக மஞ்சள் கோடுதான் செல்லும், பழைய வெள்ளைக் கோடும் அப்படியே கிடக்கும். கார் சில சமயம் வெள்ளையைப் பிடித்துக்கொள்ளும். மழையில் மினுங்கும் தார் ஒட்டுக்கோடு, தாழ்ந்த வெயிலில் தடுப்புக் கம்பியின் நிழல், இவையும் கோடு போலத் தெரியும். வேலை நடக்கும் இடத்துக்கு முன்பே தடக் கருவியை அணைத்துவிடுவதே நல்லது. குறுகிய கிராமச் சாலையிலும் நான் அணைத்துவிடச் சொல்வேன். சைக்கிள்காரருக்கு இடம் விட்டு விலகும்போது கார் திருப்பித் தள்ளுவது வசதிக் குறைவு மட்டும் இல்லை, ஆபத்தும்கூட. இண்டிகேட்டர் போட்டு விலகினால் பெரும்பாலும் இழுக்காது.

நல்ல கோடு, நல்ல வெளிச்சம், நேர்ச்சாலை. அங்கேயும் ஒரே பக்கமாக இழுத்தால் கதை வேறு. கருவியை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் இழுத்தால் டயர் காற்றும் வீல் அலைன்மென்ட்டும். அணைத்ததும் நின்றுவிட்டால் கேமராவின் கோணம். முன் கண்ணாடி மாற்றினீர்களா? மாற்றிய பிறகு கேமராவுக்குக் காலிபரேஷன் (கோணத்தைச் சரிபார்த்துப் பொருத்துவது) செய்ய வேண்டும்: சில கார்களுக்கு ஒர்க்‌ஷாப்பில் குறிப்பலகை வைத்து, சிலவற்றுக்குச் சாலையில் ஓட்டி, சிலவற்றுக்கு இரண்டும். கேமரா ஒரே ஒரு டிகிரி பிசகினால் 100 மீட்டர் தூரத்தில் அது கிட்டத்தட்ட 1.75 மீட்டர் தள்ளிப் பார்க்கும். அதாவது தடத்தின் பாதி அகலம். கண்ணாடிக் கடை பில்லில் காலிபரேஷன் என்ற வரி இல்லாவிட்டால், அதைச் செய்யவில்லை என்றே எடுத்துக்கொண்டு கேளுங்கள்.

அறிகுறி: கை வைத்திருக்கும்போதே "கையை வையுங்கள்"

பல கார்கள் கையை உணர்வதில்லை, ஸ்டியரிங்கில் ஏற்படும் சிறு திருகலைத்தான் உணர்கின்றன. நேர்ச்சாலையில் நிதானமாகப் பிடித்திருந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. லேசாக அசைத்தால் போதும். தொடுதலை உணரும் ஸ்டியரிங் என்றால் தடித்த கையுறையும், மேலே மாட்டிய தோல் கவரும் காரணமாகலாம். கவரைக் கழற்றுங்கள்.

அறிகுறி: தூக்கமே இல்லை, ஓய்வெடு என்கிறது, நேராகப் பார்த்தாலும் கவனி என்கிறது

இவை இரண்டு வேறு கருவிகள். சோர்வு எச்சரிக்கை 70 கி.மீ. வேகத்துக்கு மேல் இயங்குவது. பெரும்பாலும் நீங்கள் ஸ்டியரிங்கைத் திருத்தும் விதத்தை வைத்துக் கணக்கிடும். பலமான பக்கக் காற்றும் மேடுபள்ளமும் அதை ஏமாற்றும். கவனச் சிதறல் எச்சரிக்கை உங்கள் பார்வையைப் பார்க்கும். 50 கி.மீ.க்கு மேல் போகும்போது பார்வை கீழே மூன்றரை விநாடி தங்கினால் கத்த வேண்டும். 20 முதல் 50 வரை ஆறு விநாடி.

கேமரா ஸ்டியரிங் தண்டின் மேலோ திரை ஓரத்திலோ இருக்கும். ஸ்டியரிங்கை உயர்த்தி வைத்தால் அதன் விளிம்பு மறைக்கும். மேல் பகுதியில் கை வைத்து ஓட்டினால் முன்கை மறைக்கும். அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் கூலிங்கிளாஸ் போட்டால் கண்ணே தெரியாது. வேறு கண்ணாடி போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். லென்ஸைத் துணியால் துடைப்பதும் ஒரு சிகிச்சைதான்.

"அந்தக் கேமரா என்னைப் பதிவு செய்கிறதா?" என்று கேட்பார்கள். கட்டாயமாக்கப்பட்ட இந்தக் கருவிகள் தொடர்ந்து பதியக் கூடாது, தகவலை வெளியாருக்குத் தரக் கூடாது, வேலை முடிந்ததும் உடனே அழிக்க வேண்டும் என்பது விதி. விபத்துத் தரவுப் பெட்டி வேறு: மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகம், பிரேக் போன்றவற்றை அது வைத்துக்கொள்ளும். அதை அணைக்க வழி கிடையாது.

அறிகுறி: எதிரே ஒன்றும் இல்லை, ஆனால் பிரேக்

வளைவில் நிறுத்தியிருக்கும் கார், இரும்புப் பாலம், தலைக்கு மேல் போகும் பெரிய பலகை, முன்னால் திரும்பும் வண்டியின் வால். அந்த நொடியில் காருக்கு இவை மோதப் போகும் பொருளாகத் தெரிந்திருக்கும். எப்போதாவது ஒருமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அடிக்கடி என்றால் முதலில் முன் பம்பரையும் முன்னால் உள்ள கம்பெனி முத்திரையையும் கழுவுங்கள். பல கார்களில் ராடார் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. பனி, சேறு, ஸ்டிக்கர், தடித்த பெயின்ட், முன்னால் மாட்டிய அலங்காரக் கம்பி எல்லாமே தடை. பார்க்கிங்கில் பம்பர் லேசாக இடிபட்டு வெளியே கீறல்கூட இல்லாமல், உள்ளே ராடார் தாங்கி வளைந்திருப்பதும் உண்டு. அதற்கும் காலிபரேஷன் வேண்டும்.

நடந்த தேதி, நேரம், இடம், வெயிலா மழையா என்று குறித்துக்கொண்டு டீலரிடம் போங்கள். "சில சமயம் பிரேக் போடுது" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வேகச் சத்தத்தை அணையுங்கள், தடக் கருவியை அணையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. இதை மட்டும் அணைத்துவிட்டு ஓட்டாதீர்கள். பின்னால் வருபவர் மோதும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வந்தால், சரியாகும்வரை காரை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள்.

அறிகுறி: எல்லா விளக்கும் ஒன்றாக எரிகிறது

ஏ.பி.எஸ்., நிலைத்தன்மை, அவசர பிரேக், தடம், க்ரூஸ் என்று ஐந்தாறு எச்சரிக்கை ஒரே நொடியில் வந்தால் ஐந்தாறு கருவியும் கெட்டுவிடவில்லை. எல்லாம் சார்ந்திருக்கும் ஏதோ ஒன்று போயிருக்கிறது. கடும் பனி, மழை, மூடுபனி என்றால் "சென்சார் மறைபட்டது" என்ற வாசகம் வரும். துடைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால் தானே போகும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்தால் 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். மின்கார்களிலும் அந்தச் சின்ன பேட்டரி உண்டு, அது தளர்ந்தால் கட்டுப்பாட்டுக் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புலம்பும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு வந்தால், ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிவிட்டு நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டினால் பல கார்களில் சரியாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது வந்து, நிறுத்தி எடுத்தும் போகாவிட்டால், சக்கர வேக சென்சார் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். வேகம் தெரியாமல் மேலே சொன்ன எந்தக் கருவியாலும் வேலை செய்ய முடியாது.

கோட் ரீடர் (காரின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) இருந்தால், அதற்கென்று காரில் உள்ள ஓ.பி.டி. போர்ட்டில் மாட்டிப் படியுங்கள். சி-யில் தொடங்கும் குறியீடு சேஸிஸ் (பிரேக், ஸ்டியரிங் போன்றவை) பக்கம், யு-வில் தொடங்குவது கணினிகளுக்கு இடையே பேச்சுவார்த்தை அறுந்தது. யு குறியீடுகள் குவியலாக இருந்து நடுவில் ஒரே ஒரு சி குறியீடு இருந்தால், அந்த ஒன்றைத்தான் முதலில் துரத்த வேண்டும். அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். அழித்துவிட்டுப் போனால் டீலர் மறுபடியும் "ஃபால்ட் ஒன்றும் இல்லை" என்பார், அப்போது அது நிஜமாகவே அவருக்குத் தெரியாது.